கர்ப்பிணியின் அலைச்சலை யார் சுமப்பது?

3 ஜூன் 2025

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பரிசோதனை இலவசம், மாத்திரை இலவசம், 108 ஊர்தி இலவசம், போதாக்குறைக்கு 18,000 ரூபாய் நிதியுதவி. இத்தனைக்குப் பிறகும் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பெண்கள் சிலர் ஏழாம் மாதம் வரை மருத்துவமனைக்கு வருவதில்லை என்றால், அது அறியாமை இல்லாமல் வேறு என்ன?"

அந்த இரண்டு வட்டங்களிலும் கிராம சுகாதார செவிலியராக 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் நானும் அறியாமை என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு பெண்ணின் நாட்களை எண்ணிப் பார்த்தேன்.

தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் உள்ள பணியர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவள் அவள், இரண்டாவது கர்ப்பம். துணை சுகாதார நிலையத்தில் பதிவு செய்ய அரை நாள். இரத்தப் பரிசோதனைக்காக ஆரம்ப சுகாதார நிலையம் சென்று வர ஒரு நாள். பணம் போட வங்கிக் கணக்கு வேண்டும். இருந்த கணக்கில் நெடுநாள் வரவு செலவு இல்லாததால் அது முடங்கிக் கிடந்தது. அதை உயிர்ப்பிக்கப் போனதில் ஒரு நாள். ஆதாரில் தந்தை பெயரும் குடும்ப அட்டையில் கணவர் பெயரும் இருக்கின்றன என்று திருப்பி அனுப்பினார்கள். ஆதார் மையத்துக்குப் போன அன்று இணையம் வேலை செய்யவில்லை. மறுநாள் மீண்டும் போனாள். அதன்பின் வங்கிக்கு இன்னொரு நாள். நான்காம் மாதம் பிறப்பதற்குள் ஏறத்தாழ ஆறு நாள் கூலி போயிற்று. அடுத்த பரிசோதனைக்கு வரச் சொன்னபோது, "நர்சம்மா, இந்த வாரம் கொழுந்து நல்லா இருக்கு, அடுத்த மாசம் வரேன்" என்றாள். நான் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் சுழித்து, "வர மறுப்பு" என்று எழுதினேன்.

அவள் மறுக்கவில்லை. தன்னிடம் இருந்த நாட்களை முழுவதும் செலவழித்துவிட்டு வந்து நின்றாள். அந்த இரண்டு சொற்களை எழுதியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

4 ஜூன் 2025

நேற்று எழுதியதில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நிதியுதவித் திட்டத்தை நான் குறை கூறவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலான அந்தத் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என வளர்ந்தது. இப்போது அதில் 14,000 ரூபாய் பணம். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பெட்டகத்தில் உள்ள பேரீச்சம்பழமும் நெய்யும் வீட்டில் யார் வாய்க்குப் போகின்றன என்பது தனிக் கதை. ஆனாலும் அது வீட்டுக்குள் வருவதே நல்லது. என் குறை வேறு. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு, அந்தப் பதிவுக்குத் தரும் அடையாள எண், கைப்பேசி எண், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் பணம் வரும். அவற்றைப் பொருத்தும் வேலையைக் கர்ப்பிணியின் தலையிலேயே வைத்திருக்கிறோம்.

7 ஜூன் 2025

"தமிழ்நாடு பேறுகால மரணத்தைக் குறைத்த மாநிலமாயிற்றே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். 2018–20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது, தமிழ்நாட்டில் அந்த எண் 54. அந்தக் குறைவுக்காக இரவு பகல் பாராமல் உழைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் சராசரி என்பது சமவெளியையும் மலையையும் சேர்த்து எடுக்கப்படுவது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினராக அறிவிக்கப்பட்ட ஆறு சமூகத்தாரும் இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 7,35,394தான். ஏழு கோடிக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து எடுக்கும் சராசரியில் ஒரு காட்டுநாயக்கர் குடியிருப்பில் நடப்பது எந்தப் புள்ளியாகவும் தெரியாது. அங்கே ஒரு தாய் இறந்தால், மாநிலத்தின் எண் அசையாது. அந்தக் குடியிருப்பே குலைந்து போகும்.

12 ஜூன் 2025

இரத்தசோகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தசோகை உண்டு. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை, 7 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான சோகை. ஏழுக்குக் கீழே உள்ள பெண்ணுக்குப் பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால், மற்றொருத்தி தாங்கிக்கொள்ளும் அளவைக்கூட அவள் உடல் தாங்காது. அதனால்தான் 180 நாட்களுக்காவது இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறோம்.

தேயிலை விளையும் ஊரில் இந்த மாத்திரைக்கு எதிரி தேயிலையேதான். தேநீரில் உள்ள டானின் இரும்புச்சத்தைக் குடலில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டன் சாயாவோடு மாத்திரை விழுங்கும் பெண்களை நான் எத்தனையோ முறை கடிந்துகொண்டிருக்கிறேன்.

13 ஜூன் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, முன்னாள் தோட்டத் தொழிலாளியான என் தோழி தொலைபேசியில் அழைத்துத் திருத்தினார். அவர் சொன்னதை அப்படியே பதிகிறேன், ஏனென்றால் 26 ஆண்டுகளில் நான் கேட்காத கேள்விக்கு அது விடை.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது. இரவில் சமைத்து, பிள்ளைக்கு ஊட்டி, படுக்கும்போது மறந்துபோகிறது. காட்டில் கொழுந்து எடுக்கும்போது நடுவில் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கிறது. அப்போது கையில் உணவும் இருக்கிறது, பக்கத்தில் பெண்களும் இருக்கிறார்கள், மாத்திரையின் நினைவும் வருகிறது. ஆனால் அந்த நேரத்தில் அங்கே குடிக்கக் கிடைப்பது தூக்குவாளியில் கொண்டுவரும் தேநீர் மட்டும்தான். குடிநீர் இல்லை. இருந்தால் குடிப்பார்கள்.

ஆகவே நான் "அறிவுரை" என்று கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு குடத் தண்ணீர் இல்லாத குறையை மறைத்துவிட்டது. அந்தக் குடத்தைக் கொழுந்துக் காட்டில் வைக்கச் சொல்லும் பொறுப்பு மருத்துவத் துறைக்கு இல்லை. தொழிலாளர் துறைக்கு உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீரையும் வீட்டையும் மருத்துவத்தையும் குழந்தைகள் காப்பகத்தையும் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக எழுதி வைத்தது. ஒரு தொழிலாளர் ஆய்வாளரோடு நான் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியது என் பணிக்காலத்தில் ஒரே ஒரு முறைதான். அதுவும் வேறொரு கூட்டத்தில், தற்செயலாக.

14 ஜூன் 2025

மகப்பேறு விடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பின், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்புத் தந்தது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். பெரிய தோட்டத்தில் நிரந்தரப் பேர் உள்ளவளுக்கு இது கிடைக்கும். சிறு விவசாயியின் தோட்டத்தில் இன்று இங்கும் நாளை அங்குமாகக் கொழுந்து பறிப்பவள் 200 நாள் வேலை செய்திருந்தாலும், எந்த ஏட்டிலும் அவளுக்குப் பேர் விழுவதில்லை. வடமாநிலங்களிலிருந்து வந்து, பாடி எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் தங்கியிருக்கும் பெண்களின் நிலை இதைவிடக் கடினம்: மொழியும் இல்லை, குடும்ப அட்டையும் ஊரில் இருக்கிறது.

சம்பளம் இல்லாத பெண் எட்டாம் மாதத்திலும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறுகிறாள். "ஓய்வெடுங்கள்" என்று அவளது அட்டையில் எழுதித் தருகிறோம்.

19 ஜூன் 2025

வெளிநாட்டில் எப்படி என்று ஒருவர் கேட்டார். நான் படித்து அறிந்த இரண்டை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரில் 1970களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர், முதல் குழந்தையைச் சுமக்கும் ஏழைப் பெண்களின் வீட்டுக்கே செவிலியரை அனுப்பிப் பார்த்தார். கர்ப்பத்தில் தொடங்கிக் குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை அதே செவிலியர் போய்வருவார். இரத்த அழுத்தத்தோடு படிப்பு, வேலை, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை எல்லாவற்றையும் பேசுவார். அது பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. ஆனாலும் அந்நாட்டின் ஏற்றத்தாழ்வு தீரவில்லை: 2021இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மாரின் இறப்பு 69.9, வெள்ளையினத் தாய்மாரின் இறப்பு 26.6. பணக்கார நாடாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே போதும்.

மற்றொன்று கியூபா. தொலைவில் வாழும் கர்ப்பிணிகள் பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே வந்து தங்கும் தாய்மை இல்லங்களை அவர்கள் 1962 முதல் நடத்துகிறார்கள். உணவும் தங்குமிடமும் பரிசோதனையும் ஒரே கூரையின் கீழ். நம் மாநிலத்திலும் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறைகள் உண்டு. அவற்றைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.

21 ஜூன் 2025

காத்திருப்பு அறை. கட்டில், போர்வை, வெந்நீர், உணவு எல்லாம் இருக்கும். ஆனால் கட்டில் காலியாகவே கிடக்கும். ஏன் என்று கேட்டால் "பழங்குடியினர் வீட்டை விட்டு வரமாட்டார்கள்" என்ற பதில் உடனே வரும்.

ஒரு குறும்பர் பெண்ணை நான் மிகவும் வற்புறுத்தி அழைத்துவந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள். அவள் வீட்டுக்குப் போனபோது திட்டக் காத்திருந்த என் வாய் அடைத்துப்போயிற்று. மூன்று வயது மகன் வாசலில் அமர்ந்து, முதல்நாள் சோற்றை உப்புப் போட்டுத் தின்றுகொண்டிருந்தான். கணவர் மரம் வெட்டும் வேலைக்குக் கேரளப் பக்கம் போயிருந்தார். மாமியாருக்குக் கண் தெரியாது. "இவனை யார்கிட்ட விட்டுட்டு அங்க படுத்துக்கிறது, நர்சம்மா?" என்று கேட்டாள்.

அங்கன்வாடி அந்தக் குடியிருப்பிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். நடுவில் யானை நடமாட்டம். காத்திருப்பு அறையில் தாயோடு பிள்ளையும் தங்கலாம், பிள்ளைக்கும் உணவு உண்டு, துணைக்கு வரும் உறவினருக்கு அன்றாடக் கூலியில் ஒரு பங்கு உண்டு என்று எழுத்தில் இருந்திருந்தால் அவள் தங்கியிருப்பாள். கட்டிலை மருத்துவத் துறை வாங்கலாம். பிள்ளையின் உணவு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்திலிருந்து வர வேண்டும், கூலி ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையிலிருந்து வர வேண்டும். மூன்று துறைகளும் ஒரு கட்டிலைச் சுற்றி உட்கார வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

பின்னர் அவளுக்கு ஜீப்பிலேயே குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

22 ஜூன் 2025

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 108 ஊர்தி தார்ச்சாலை முடியும் இடம் வரை வரும். அதற்குமேல் ஜீப் அல்லது தோள். ஜீப்புக்குக் கொடுக்கும் பணம் எந்த இலவசத்திலும் சேர்வதில்லை.

28 ஜூன் 2025

ஒரு வாரமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சமூக நலச் சேவையையும் கர்ப்பகாலக் கவனிப்பையும் இணைக்க வேண்டும் என்று இத்தனை நாள் சொல்லிவந்த நான், இணைப்பே கேடாக முடிந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கர்ப்பமாக என்னிடம் வந்தாள். அவர்கள் குடியிருப்பின் வழக்கப்படி மணமாகிவிட்டது. நான் பதிவு செய்தேன், வயதும் பதிவாயிற்று. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்கப்பட்டது. அடுத்த வாரம் அந்தக் குடியிருப்புக்கு வந்த வாகனத்திலிருந்து ஓர் அதிகாரியும் இரண்டு காவலர்களும் இறங்கினார்கள். பையன் காட்டுக்குள் ஓடினான். அந்தப் பெண் அதன்பின் என்னிடம் வரவில்லை. அவள் மட்டுமல்ல, அந்தக் குடியிருப்பிலிருந்து ஓராண்டுக் காலம் எந்தப் பெண்ணும் முதல் மூன்று மாதத்துக்குள் பதிவுக்கு வரவில்லை. நான் போனால் வீடுகள் சாத்தியிருக்கும்; அடுப்பில் மட்டும் புகை வந்துகொண்டிருக்கும்.

குழந்தைத் திருமணத்தை நான் ஆதரிக்கவில்லை. பதினேழு வயதில் பிரசவம் உடலுக்கு எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆபத்து மிகுந்த அந்தப் பெண்தான் கவனிப்பிலிருந்து ஒளிந்துகொள்கிறாள். நிதியுதவிக்கும் 19 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால், மிகவும் தேவைப்படுபவளுக்கு அந்தப் பணமும் இல்லை. கருக்கலைப்புத் தொடர்பான வழக்கொன்றில் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இசைவோடு நடந்த உறவால் கருவுற்ற சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவளது அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்றது. கருவைச் சுமக்க முடிவு செய்யும் சிறுமிக்கு அத்தகைய வழி இன்னும் தெளிவாக இல்லை.

29 ஜூன் 2025

நேற்றைய குறிப்புக்குப் பிறகு என் பழைய கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். துறைகள் தகவலைப் பகிர்ந்துகொண்டால் போதும் என்று நினைத்திருந்தேன். உதவி செய்யும் துறையோடு பகிர்வது வேறு, தண்டிக்கும் துறையோடு பகிர்வது வேறு. சட்டம் தகவல் கேட்கிறது. யார் முதலில் போக வேண்டும், சீருடையில் போக வேண்டுமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. குழந்தைப் பாதுகாப்பு அலுவலரும் அந்தக் குடியிருப்புக்குப் பழக்கமான செவிலியரும் முதலில் சேர்ந்து போயிருக்கலாம். அந்தப் பெண்ணின் பரிசோதனை ஒரு நாளும் தடைபடாது என்ற உறுதியை அவளுடைய தாயிடம் நேரில் கொடுத்திருக்கலாம். நான் அன்று படிவத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தேன்.

9 ஜூலை 2025

இன்று ஒன்பதாம் தேதி. 2016 முதல் மாதந்தோறும் ஒன்பதாம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கென்று தனிப் பரிசோதனை நாள். ஓய்வுக்குப் பின்னும் அந்த நாளில் எங்கேயாவது போய் உட்கார்ந்துகொள்வது என் வழக்கம். இன்று வரிசையில் ஒரு பெண் மூட்டுவலி என்று சொன்னாள். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய்க்குச் சோதனை செய்ததுண்டா என்று இளம் மருத்துவர் உடனே கேட்டார். மகிழ்ச்சியாக இருந்தது. இந்தியாவில் அரிவாள் செல் நோய் முதன்முதலில் அறிவியல் உலகுக்குத் தெரியவந்ததே 1952இல், லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடம் செய்த ஆய்வால்தான். இந்த நோயுள்ள கர்ப்பிணிக்கு இரத்தம் குறைந்தால், வழக்கமான மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது வழி அல்ல. அவளுக்குக் கடும் வலி எந்நேரமும் வரலாம், இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். குளிரில் நனைவதும் நீர் குடிக்காமல் உழைப்பதும் அந்த வலியைத் தூண்டும். ஜூலை மாதக் கூடலூர் மழையில், பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிப்பவளுக்கு இதைச் சொன்னால் மட்டும் போதுமா? மீண்டும் தண்ணீர்க் குடத்திடமும் விடுப்பிடமும்தான் வந்து நிற்கிறேன்.

11 ஜூலை 2025

"நடக்கக்கூடியதைச் சொல்லுங்கள்" என்கிறார் முதல் கேள்வியைக் கேட்ட வாசகர். நடந்ததையே சொல்கிறேன். கூடலூரில் 1980களின் நடுவில் அக்கார்டு என்ற தொண்டு அமைப்பு பழங்குடியினரின் நில உரிமைக்காக வேலையைத் தொடங்கியது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவாயிற்று. நிலத்துக்காகக் கூடிய அதே மக்களிடையேதான் சுகாதாரப் பணியும் வளர்ந்தது. குடியிருப்புகளிலிருந்தே பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். 1990இல் அஸ்வினி என்ற சுகாதார அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை எழுந்தது; 1992இல் பழங்குடியினருக்கான மருத்துவக் காப்பீடும் வந்தது. அங்கே கர்ப்பிணியிடம் இரத்த அழுத்தம் பார்க்கும் பெண்ணுக்கு அவளது மொழி தெரியும், வீடு தெரியும். அங்கே போன பணியர் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவதையும், அதே பெண்கள் வேறு இடங்களில் சுவரோரமாகக் குந்தி, தரையைப் பார்த்துப் பதில் சொல்வதையும் நான் கண்டிருக்கிறேன். தொடக்கத்தில் எனக்கு அது உறுத்தலாக இருந்தது. பிறகுதான் நானும் நாற்காலியை விட்டு எழுந்து அவர்கள் அருகே அமரக் கற்றுக்கொண்டேன்.

12 ஜூலை 2025

பேருந்தைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு: மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தபோது மலைப்பாதைப் பேருந்துகளுக்கு அது பொருந்தவில்லை, 2024இல்தான் எங்கள் மாவட்டத்துக்கு நீட்டிக்கப்பட்டது. அதற்குப் பின் தாமாகவே பரிசோதனைக்கு வரும் பெண்களை நான் கண்ணால் பார்க்கிறேன். மருத்துவத் துறை ஒரு ரூபாயும் செலவிடாமல் கிடைத்த மாற்றம் இது. ஆனால் கூடலூரிலிருந்து உதகைக்கு 50 கிலோமீட்டர். வளைவுகளில் எட்டு மாதக் கர்ப்பிணி வாந்தி எடுத்துக்கொண்டே போகிறாள். உதகையின் புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நல்ல வசதியோடு இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் வழியும் சிகிச்சையின் பகுதிதான். பந்தலூர்க்காரர்கள் கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குப் போவது அருகில் என்பதாலேயே. எல்லை தாண்டிப் பிரசவித்தவளின் தாள்கள் இங்கே பொருந்தாமல் அலைவது வேறு கதை.

16 ஜூலை 2025

கடைசியாக வந்த கேள்வி: அதிகாரம் இருந்தால் முதலில் எதைச் செய்வீர்கள்?

ஒன்பதாம் தேதி பரிசோதனைக் கூடத்தில், இரத்த அழுத்தம் பார்க்கும் மேசையை அடுத்து இன்னொரு மேசை போடுவேன். அதில் ஆதார் திருத்தும் கருவியோடு ஒருவர், வங்கியின் முகவர் ஒருவர், அங்கன்வாடி ஊழியர், தொழிலாளர் நல வாரியப் பதிவு செய்பவர், பழங்குடியினர் நலத்துறையில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர். கர்ப்பிணிகளுக்கு அரசு நடத்தும் சமுதாய வளைகாப்புக்கு ஒரே பந்தலில் எல்லாத் துறையினரும் வந்து அமர முடிகிறது என்றால் இதற்கும் முடியும். அன்றைய நாளுக்கு அவளுக்குக் கூலி. வீடு திரும்ப ஜீப். அட்டையில் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகியவற்றை எழுதும் இடத்துக்குக் கீழே ஒரு கூடுதல் வரி: "இன்று இங்கு வர எத்தனை நாள் கூலி இழந்தார்?" அந்த வரியை நிரப்ப வேண்டியவர் செவிலியர், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாவட்டத்தில் கூட்டம் நடத்துபவர்.

முதல் குறிப்பில் சொன்ன பெண்ணைப் பற்றிச் சிலர் விசாரித்திருந்தீர்கள். அவளுக்கு எட்டாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 6.8 இருந்தது. இரத்தம் ஏற்றினோம், பெண் குழந்தை பிறந்தது. நிதியுதவியின் முதல் தவணை, குழந்தை தவழத் தொடங்கிய பிறகு வந்தது. சிவப்பு மையில் நான் எழுதியிருந்ததைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் "ஆறு நாள்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தப் பதிவேடு இன்னும் துணை சுகாதார நிலையத்து அலமாரியில்தான் இருக்கிறது.